நுரையீரற் புற்றும் உறைப்புற்றும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

நெஞ்சறைக்குள் தோன்றும் புற்றுநோய் எதுவாயினும் அதனை ‘நுரையீரலில் கேன்சர்’ என்னும் ஒரே பெயரால் சுட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெயர் ஒன்றாயின் நோயும் ஒன்றே எனக் கருதுதல் இயல்பு. நோயுற்றவரை நோக்கி உறவினர் கேட்கும் முதல் வினாவும் ‘பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?’ என்பதாகவே அமைகிறது. உண்டு என்றால் காரணம் கிடைத்துவிட்டதென அமைதி கொள்கின்றனர். இல்லை என்றால் காரணம் புரியாது திகைக்கின்றனர். அந்த ஒரு வினாவோடு நின்றுவிடுவதால் அறியப்படாமற் போகும் நோய் ஒன்று உண்டு. மருத்துவ நூலார் அதனை மீசோதீலியோமா என்பர்.

நுரையீரற் புற்றும் மீசோதீலியோமாவும் தோன்றும் இடத்தாலும், வளரும் முறையாலும், காரணத்தாலும், மருத்துவத்தாலும் வேறுபடுவன. அவ்வேறுபாட்டைத் திறந்து காட்டும் திறவுகோல் பல வேளைகளில் நோயாளியின் பழைய தொழில் வரலாற்றிலேயே அடங்கிக் கிடக்கிறது. கடல்கடந்து பொருளீட்டும் மரபுடைய நாகூர் போன்ற ஊர்களுக்கு இச்செய்தி பெரிதும் பொருந்தும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறை மலரில் இப்பொருளை எழுதப் புகுங்கால் சொல்லிலிருந்து தொடங்குதல் தகும். கறையான் புற்று, மண்ணுக்குள் மறைவாய் வளர்ந்து ஒருநாள் வெளியே தலைகாட்டுவது. அதனை நினைவூட்டும் புற்றுநோய் என்னும் பெயர் அந்நோயின் இயல்புக்கு மிகவும் பொருந்துகிறது. மீசோதீலியம் என்பது நுரையீரல், இதயம், வயிற்றுறுப்புகள் ஆகியவற்றைச் சூழ்ந்துள்ள உறைகளின் மேற்பரப்பில் அமைந்த மெல்லிய உயிரணுப் படலம் ஆகும். அப்படலத்தில் தோன்றும் புற்றே மீசோதீலியோமா. உறையில் தோன்றுவது பற்றி இக்கட்டுரையில் அதனை ‘உறைப்புற்று’ என வழங்குவோம்.

இந்நோய்க்குத் தலையாய காரணமான ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கனிமத்திற்குத் தமிழில் ‘கல்நார்’ என்னும் அழகிய பெயர் உண்டு. கல்லாய்ப் பிறந்தும் நாராய்ப் பிரியும் என்னும் அதன் இரட்டை இயல்பை அச்சொல் காட்டிவிடுகிறது. தீயில் எரியாமையும் வெப்பம் தாங்கும் வன்மையும் அக்கல்லின் சிறப்பு. கண்ணுக்குப் புலனாகா நுண்ணிழைகளாய்ப் பிரிந்து மூச்சுக்காற்றில் கலத்தல் அந்நாரின் கேடு.

தோன்றும் இடம்

நுரையீரலை ஒரு பழத்திற்கு ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். பழத்தின் சதைக்குள் தோன்றும் கேடு நுரையீரற் புற்று. பழத்தைச் சுற்றியுள்ள தோலில் தோன்றும் கேடு உறைப்புற்று.

நுரையீரலின் மேல் இரண்டு மடிப்பாய் அமைந்த உறை ஒன்று உள்ளது. ஒரு மடிப்பு நுரையீரலோடு ஒட்டியது. மற்றொன்று விலாச்சுவரின் உட்புறத்தோடு ஒட்டியது. இரண்டிற்கும் இடையில் சில மில்லிலிட்டர் அளவே நீர் உண்டு. மூச்சுவிடுங்கால் இரு மடிப்புகளும் உராயாமல் வழுக்கிச் செல்ல அந்நீர் துணைபுரிகிறது. உறைப்புற்று பெரும்பாலும் இவ்வுறையிலேயே தோன்றுகிறது. வயிற்றறையின் உறையில் தோன்றுவது அதற்கு அடுத்த நிலை. இதய உறையில் தோன்றுவது மிக அரிது.

நுரையீரற் புற்றோ காற்றுக்குழாய்களின் உட்பூச்சிலும், அவற்றின் முடிவிலுள்ள காற்றுச் சிற்றறைகளின் பகுதிகளிலும் தோன்றுவது. அதனைச் சிற்றணுப் புற்று, சிற்றணு அல்லாப் புற்று என இரு பெரும் பிரிவாகப் பகுப்பர். நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்குக் காணப்படுவது இரண்டாம் பிரிவே. உறைப்புற்றின் பகுப்பு வேறு. உயிரணுக்களின் வடிவம் கொண்டு அதனை மேலணு வகை, கதிரணு வகை, இரண்டும் கலந்த வகை என மூன்றாக்குவர். இம்மூன்றனுள் முதல் வகை ஓரளவு மெதுவாக வளர்வது. இரண்டாம் வகை கடுமையானது.

வளரும் முறை

நுரையீரற் புற்று பெரும்பாலும் ஒரு கட்டியாக உருத்திரள்கிறது. ஆதலின் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என அளந்து நோயின் நிலையைக் கணிப்பதில் மருத்துவர் கருத்தூன்றுகின்றனர். அது குருதி வழியாக மூளை, எலும்பு, கல்லீரல் முதலிய தொலை உறுப்புகளுக்கும் பரவும்.

உறைப்புற்று தொடக்கத்தில் உறையின் மேல் சிறுசிறு முடிச்சுகளாய்த் தூவப்பட்டதுபோல் தோன்றும். பின் அவை ஒன்றோடொன்று இணைந்து, கிச்சிலிப்பழத் தோல் சுளைகளை மூடியிருத்தல்போல், நுரையீரலைச் சுற்றித் தடித்த பட்டையாகப் படர்ந்துவிடும். நுரையீரல் விரிய இடமின்றி இறுக்கப்படுகிறது. இவ்வாறு படரும் நோயில் ‘கட்டி இங்கே தொடங்கி இங்கே முடிகிறது’ என எல்லை வகுத்தல் அரிது. அறுவை மருத்துவத்தில் அது பெருந்தடையாவதைப் பின்னர்க் காண்போம்.

அறிகுறிகளும் இதற்கேற்ப வேறுபடும். நீங்காத இருமல், சளியில் குருதி, குரல் கம்முதல், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சளிக்காய்ச்சல் ஆகியன நுரையீரற் புற்றில் மிகுதி. உறைப்புற்றில் குருதி கக்குதல் அரிது. மூச்சு முட்டல், ஒருபக்க விலாவில் மந்தமான வலி, உடல் மெலிவு, உறைமடிப்புகளுக்கு இடையே நீர் கோத்தல் என்பனவே அதன் முதற்குறிகள். நீரை எடுத்தால் மூச்சு எளிதாகும். ஆயின் நீர் மீண்டும் ஊறிவிடும்.

காரணம்

நுரையீரற் புற்றின் முதற்பெருங் காரணம் புகைப்பழக்கம். பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை உலகறியச் செய்தது. புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. விறகடுப்புப் புகை, மாசுற்ற காற்று, பிறர் விடும் புகை ஆகியன அதற்குத் துணைபோகின்றன.

உறைப்புற்றுக்குப் புகைப்பழக்கம் காரணம் அன்று. அதன் தலையாய காரணம் கல்நார்த் தூசியே. இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கருதவேண்டும். கல்நார் உறைப்புற்றை மட்டுமன்றி நுரையீரற் புற்றையும் உண்டாக்கும். டால் 1955-இல் கல்நார் ஆலைத் தொழிலாளரிடம் செய்த ஆய்வு இதனை நிறுவியது. அமெரிக்காவில் வெப்பக் காப்புப்பணி செய்த தொழிலாளரை ஆராய்ந்து ஹாமண்ட், செலிகாஃப் முதலியோர் 1979-இல் தந்த கணக்கு மேலும் தெளிவானது. கல்நாரும் புகையும் இல்லாதவருக்கு நுரையீரற் புற்றால் இறக்கும் வாய்ப்பு 1 எனக் கொண்டால், கல்நார் மட்டும் உடையவருக்கு அது ஏறத்தாழ 5. புகை மட்டும் உடையவருக்கு 11. இரண்டும் உடையவருக்கு 50-க்கும் மேல். இரு கேடுகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. ஆதலின் முன்பு கல்நார்ப்பணி செய்தவர் இன்று புகையை விட்டாலும் நுரையீரற் புற்றின் இடர் குறையும். உறைப்புற்றின் இடர் அதனாற் குறையாது.

இழை எவ்வாறு தீங்கு செய்கிறது என்பதையும் சுருங்கக் காண்போம். மூச்சோடு புகும் தூசியை விழுங்கி அகற்றும் காவலணுக்கள் நுரையீரலில் உள்ளன. நீண்டு மெலிந்த கல்நார் இழை அக்காவலணுவினும் நெடியது. ஆகவே அதனை முழுதும் விழுங்க இயலுவதில்லை. அரைகுறையாய் விழுங்கிய அணு சிதைந்து அழற்சிப் பொருள்களைக் கக்குகிறது. இழையோ அழிவதில்லை. நுரையீரலைக் கடந்து உறையை அடைந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி, உயிரணுக்களின் மரபுப்பொருளைக் கெடுக்கிறது. இதனாலேயே தூசியை மூச்சில் ஏற்ற காலத்திற்கும் நோய் தோன்றும் காலத்திற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள்வரை கழிந்துவிடுகின்றன. இருபது வயதில் செய்த வேலையின் விளைவு அறுபது வயதில் வெளிப்படலாம்.

கிம்பர்லி தரும் பாடம்

இந்நோய் அறியப்பட்ட வரலாறு நமக்கு மிகவும் பயன்தருவது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. அதன் தலைமை மருத்துவர் ஸ்லெக்ஸ். உறையில் நீர் கோத்து வந்த நோயாளிகள் பலருக்குக் காசநோய் மருந்து அளித்தும், ஒரு சாரார் குணமடையவில்லை. அவர்கள் பெரும்பாலும் நகருக்கு மேற்கேயுள்ள பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதை அவர் கண்டார். அப்பகுதியிலேதான் நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்தன. நோய்க்கூற்று வல்லுநர் வாக்னர், அறுவை மருத்துவர் மார்ச்சண்டு ஆகியோருடன் சேர்ந்து 1960-இல் அவர் வெளியிட்ட கட்டுரை 33 நோயாளிகளை விவரித்தது. ஒருவர் நீங்கலாக ஏனைய அனைவருக்கும் கல்நாரோடு தொடர்பிருந்திருக்கக்கூடும் எனத் தெரியவந்தது. அவர்களுள் சுரங்கத்தில் வேலை செய்யாது அதன் அருகே வாழ்ந்தவர்களும் இருந்தனர்.

1965-இல் இலண்டனில் நியூஹவுஸ், தாம்சன் ஆகிய இருவர் செய்த ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. கல்நார் ஆலையில் ஒருநாளும் கால்வைக்காத மனைவியரும் உடன்பிறந்தோரும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். தொழிலாளர் வீட்டிற்கு உடுத்திவந்த தூசி படிந்த உடைகளை உதறித் துவைத்தமையே அவர்களுக்கு நேர்ந்த தொடர்பு. எனவே பெண்களுக்கு இந்நோய் வந்துழி ‘நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?’ என்பதோடு, ‘யாருடைய உடையைத் துவைத்தீர்கள்?’ என்னும் வினாவும் தேவையாகிறது.

நம் நாட்டில் மறைந்துபோகும் விதம்

கிம்பர்லியில் நேர்ந்த மயக்கம் நம் நாட்டிலும் எளிதில் நேரக்கூடியது. உறையில் நீர் கோத்தலுக்கு நம் நாட்டில் காசநோயே மிகப் பொதுவான காரணம். ஆகவே நீர் கண்டவுடன் மருத்துவர் காசநோயை ஐயுறுதல் முறையே, குறை கூறத்தக்கதன்று. ஆயின் மருந்து முறைப்படி உட்கொண்டும் நீர் மீண்டும் மீண்டும் கோக்குமாயின், வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும். அத்தேடலில் தொழில் வரலாறு கூறப்படாவிடின், காசநோய் என்றோ நுரையீரற் புற்று என்றோ பதிவாகி உறைப்புற்று மறைந்துவிடும். பல பத்தாண்டுகளாகக் கல்நாரைப் பெருமளவில் பயன்படுத்திவரும் நாட்டில் இந்நோயின் பதிவு மிகக் குறைவாய் இருத்தற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உறுதிசெய்யும் முறை

எக்ஸ்ரே படம் நீரைக் காட்டும். சி.டி. ஸ்கேன் உறையின் தடிப்பைக் காட்டும். ஊசியால் எடுத்த நீரை மட்டும் ஆராய்ந்து உறைப்புற்று உண்டு அல்லது இல்லை என அறுதியிடுதல் பல வேளைகளில் இயலாது. விலாவிடையே சிறு துளையிட்டு, உள்நோக்குக் கருவியால் உறையைக் கண்டு, அதில் ஒரு துணுக்கை எடுத்து ஆராய்தலே சிறந்த முறை. நுண்ணோக்கியில் இரு புற்றுகளும் சில வேளை ஒன்றுபோலவே தோன்றும். அப்பொழுது நிறமேற்றும் சிறப்பு முறைகள் கைகொடுக்கின்றன. கால்ரெட்டினின், டபிள்யூடி-1 ஆகிய புரதங்கள் காணப்படின் அது பெரும்பாலும் உறைப்புற்று. டிடிஎஃப்-1, சிஇஏ ஆகியன காணப்படின் பெரும்பாலும் நுரையீரற் புற்று.

மருத்துவ வேறுபாடு

நோயை வேறுபடுத்தி அறிவதால் விளையும் பயன் யாது என வினவலாம். மருந்தே வேறுபடுகிறது என்பதே விடை. தொடக்க நிலையில் கண்ட நுரையீரற் புற்றை அந்நுரையீரல் மடலோடு அறுத்து நீக்கிக் குணப்படுத்த இயலும். நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் செய்து முன்னரே கண்டறியும் முறை இறப்பைக் குறைக்கிறது என 2011-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. இஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அதனையே குறிவைக்கும் மாத்திரைகள் உள்ளன.

உறைப்புற்றை இவ்வாறு முன்கூட்டிக் கண்டறிந்து உயிர்காக்கும் சோதனைமுறை எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை. படர்ந்த நோயை முற்றும் அறுத்தெடுத்தலும் அரிது. பெமட்ரக்செட், சிஸ்பிளாட்டின் ஆகிய இரு மருந்துகளின் கூட்டு 2003-இல் வெளியான ஆய்வுக்குப்பின் வழக்கிற்கு வந்தது. 2020-இல் நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துகளின் கூட்டு ஏற்கப்பட்டது. முன்னைய மருத்துவத்தில் ஏறத்தாழ 14 மாதமாக இருந்த இடைநிலை வாழ்நாள் இப்புதிய கூட்டால் 18 மாதமாயிற்று என அதன் ஆய்வு கூறியது. முழுக் குணம் இன்னும் கைவரவில்லை. மீண்டும் நீர் கோவாதவாறு உறைமடிப்புகளை ஒட்டவைத்தலும், வலி தணித்தலும் நோயாளியின் எஞ்சிய நாள்களை எளிதாக்கும். குணப்படுத்த அரிதான நோயில் தடுத்தலே தலையாய மருத்துவம் என்பது இதனாற் புலனாகும்.

நம் கடற்கரையும் கல்நாரும்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்குச் சென்ற ‘ரஜூலா’ கப்பலை நம் முதியோர் மறந்திரார். ‘சபர்’ சென்ற வாப்பாவையும் பாட்டனாரையும் நினையாத குடும்பம் நாகூரில் அரிது. கடைவைத்தோர் பலர், கப்பல்களிலும் கப்பல் பழுதுபார்க்கும் துறைகளிலும் உடலுழைப்பு நல்கிய தமிழரும் உளர். அக்கால நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்கும் வெந்நீராவிக் குழாய்களுக்கும் கல்நாரே காப்பாகச் சுற்றப்பட்டது. பயணியாய்ச் சென்றவர்க்கு அஞ்சத்தக்கது ஏதுமில்லை. எந்திர அறையில் உழைத்தவர்க்கும், பழைய காப்பை உரித்துப் புதியது சுற்றியவர்க்குமே தூசி மிகுதி. பழங்கப்பலை உடைத்தல் இத்தகைய பணிகளுள் கொடியது. குஜராத்தின் ஆலங் கடற்கரையில் உடைப்பதற்கென வந்துகொண்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் ‘கிளமான்சோ’, அதிலிருந்த கல்நார் பற்றி எழுந்த எதிர்ப்பால் 2006 பிப்ரவரியில் திருப்பி அழைக்கப்பட்டதை நாளேடுகள் விரிவாக எழுதின.

உள்நாட்டிலும் கல்நார் உண்டு. அரக்கோணம், போத்தனூர் ஆகிய ஊர்களில் கல்நார்ச் சிமெண்ட் கூரைத்தகடு செய்யும் ஆலைகள் அமைந்தன. காவிரிப் படுகையின் நெல் அவிக்கும் ஆலைகளில் கொதிகலன் மூட்டுகளை அடைக்கக் கல்நார்க் கயிறு பயன்பட்டது. கீற்றுக் கொட்டகை இருந்த இடங்களில் ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’ ஏறியது. முழுமையாய், பழுதின்றிக் கூரைமேல் கிடக்கும் தகட்டிலிருந்து இழைகள் வெளிப்படுதல் குறைவு. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பழமையால் மேற்பரப்பு பொரியும்போதுமே தூசி எழுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் பகுதியின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அத்தகைய காலங்களில் உடைந்த துண்டுகளை நீர் தெளித்து நனைத்தபின் அகற்றுதல் வேண்டும். உலர்ந்த நிலையில் பெருக்குதலும், பொடித்துப் பாதையில் நிரப்புதலும், சிறுவர் அவற்றில் விளையாட விடுதலும் தகா. முகத்திற் கட்டிய துணி இந்நுண்ணிழையைத் தடுக்கும் என நம்புதலும் தவறு.

சட்டத்தின் நிலை

1995 ஜனவரி 27-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் பணி தொடங்கிய நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் எனப் பணித்தது. நாற்பது ஆண்டு என்னும் அவ்வெல்லை இந்நோய் மறைந்திருக்கும் நெடுங்காலத்தோடு ஒத்துச் செல்வது கருதத்தக்கது. பிரிட்டன் 1999-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் கல்நாரை முற்றிலும் தடைசெய்தன. நம் நாட்டில் சுரங்கம் தோண்டப் புதிய உரிமம் தருதல் நிறுத்தப்பட்டும், வெண் கல்நாரின் இறக்குமதி தொடர்ந்துவந்துள்ளது. வெண் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பனவே என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு.

தொகுப்புரை

மாணவர் நினைவிற் கொள்ளுமாறு வேறுபாடுகளைத் தொகுத்துரைப்போம்.

1. நுரையீரற் புற்று நுரையீரலின் உள்ளே தோன்றும். உறைப்புற்று அதன் உறையில் தோன்றும்.
2. முன்னது கட்டியாய்த் திரளும். பின்னது பட்டையாய்ப் படரும்.
3. முன்னதற்குப் புகை முதற்காரணம், கல்நாரும் ஒரு காரணம். பின்னதற்குக் கல்நாரே முதற்காரணம், புகை காரணமன்று.
4. முன்னதில் இருமலும் குருதியும் மிகுதி. பின்னதில் நீர் கோத்தலும் மூச்சுமுட்டலும் மிகுதி.
5. முன்னதைத் தொடக்கத்தில் கண்டால் அறுத்து நீக்கலாம். பின்னதில் அது பெரும்பாலும் இயலாது.

முடிவுரை

கல்நாரைத் தொட்டவர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. வருவோர் சிலரே, ஆகவே வீணான அச்சம் வேண்டா. வேண்டுவது நினைவும் பதிவும் ஆகும். நோயாளி தளர்ந்தபின், நாற்பதாண்டுகளுக்கு முன் எந்தத் துறையில், எந்தக் கப்பலில், என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்ல அவரால் இயலாமற் போகலாம். அதனை அறிந்த மனைவியும் அன்று இல்லாமற் போகலாம்.

எனவே இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். விடுமுறையில் வீட்டு முதியோரிடம் அமர்ந்து அவர்தம் உழைப்பின் வரலாற்றைக் கேட்டு எழுதுங்கள். ஊர், ஆண்டு, ஆலை அல்லது கப்பல், செய்த வேலை, எழுந்த தூசி என ஒரு தாளில் அடங்கும் குறிப்பே போதும். பழைய கடவுச்சீட்டையும் பணிச்சான்றையும் எறியாமல் அதனோடு வையுங்கள். மூச்சுமுட்டலுக்கென மருத்துவரிடம் செல்லும் நாளில் அத்தாளையும் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் கேட்க மறந்த வினாவிற்கும் அது விடையளிக்கும். சரியான நோயைச் சரியான பெயரால் அழைக்க உதவும். உரிய மருந்தும், உரிமையான இழப்பீடும், எஞ்சியோர்க்கு எச்சரிக்கையும் அப்பெயரிலிருந்தே தொடங்குகின்றன.